சீனன்குடா: ஆழமான துறைமுகம் படைத்தளம் ஆவது எப்படி?

எண்ணெய்க் குதங்கள், அதாவது எண்ணெய் சேமிக்கும் பெரிய தாங்கிகள், பற்றிய ஒப்பந்தம் ஏதாவது செய்தியில் அடிபடும்போதெல்லாம் திருகோணமலையைப் பற்றி ஒரே வசனம் திரும்பத் திரும்ப வரும். "உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. அதைக் கையில் வைத்திருப்பவனே இந்து சமுத்திரத்தை ஆள்வான்." தொலைக்காட்சி விவாதத்தில் சொல்கிறார்கள், மேடையில் சொல்கிறார்கள், பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியிலும் சொல்கிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் நடந்த ஜப்பானிய விமானத் தாக்குதலோடு ஒத்துவராது. அன்று துறைமுகம் பிரித்தானியரின் கையில்தான் இருந்தது. ஆனாலும் அங்கே நின்ற கப்பல்களை முதல்நாள் இரவே கடலுக்குள் அனுப்பிவிட வேண்டி வந்தது. உள்ளே நிற்பது அவ்வளவு ஆபத்தாக இருந்தது.

இராணுவ விடயங்களில் பழக்கம் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். படைத்தளம் என்றால் என்ன, அதற்கு வலிமை எங்கிருந்து வருகிறது என்பதைத் திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடா விமானத்தளத்தின் இரண்டாம் உலகப்போர்க் காலக் கதையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். 1942இல் தன்னையே காக்கத் திணறிய இடம், 1944இல் சுமாத்ராவின் எண்ணெய் ஆலைவரை விமானம் அனுப்பியது. இடைப்பட்ட காலத்தில் துறைமுகத்தின் ஆழம் ஒரு அடிகூட மாறவில்லை. மாறியது என்ன என்பதுதான் கேள்வி.

தரிப்பிடமும் டிப்போவும்

பஸ் தரிப்பிடத்துக்கு என்ன வேண்டும்? பஸ் ஒதுங்கி நிற்கக் கொஞ்சம் அகலமான தெருவோரம், அவ்வளவுதான். டிப்போ அப்படியில்லை. இரவில் பஸ்கள் நிற்க முற்றம் வேண்டும். டீசல் தாங்கி, திருத்தும் கொட்டகை, உதிரிப்பாகக் களஞ்சியம், மெக்கானிக்குகள், சாரதியும் நடத்துநரும் படுத்தெழும்ப அறை, எந்த பஸ் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் என்று குறித்துவைக்கும் ஆள் என்று எல்லாமே வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் காலையில் முதல் பஸ் வெளிக்கிடாது.

ஆழமான நீர் கப்பலுக்குத் தரிப்பிடம். நீளமான தரை விமானத்துக்குத் தரிப்பிடம். கப்பலையோ விமானத்தையோ போருக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் எரிபொருள் நிரப்பி, பழுது பார்த்து, குண்டு ஏற்றி, மறுபடியும் அனுப்பிவைக்கக்கூடிய இடத்தைத்தான் படைத்தளம் என்கிறோம். "மறுபடியும்" என்பதில்தான் பாரமெல்லாம் இருக்கிறது. ஒருமுறை இறங்கி ஏற வயல்வெளியும் போதும். நாள்தோறும் அனுப்பத்தான் தளம் தேவை.

பாய்மரக் காலத்துப் புகழ்

திருகோணமலையின் புகழ் விமானத்துக்கும் எண்ணெய்க்கும் முந்தியது. பாய்மரக் கப்பல்களின் காலத்தில், வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கியதும் சோழமண்டலக் கரையில் கப்பல் நிறுத்துவது உயிரோடு விளையாடுவதாக இருந்தது. அன்றைய சென்னைக்குத் துறைமுகமே இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, சரக்கையும் ஆட்களையும் மசூலாப் படகுகள் அலையைக் கடந்து கொண்டுவந்தன. அந்தக் காற்றுக்கு ஒதுங்கி நிற்க வங்கக் கடலின் மேற்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பாதுகாப்பான இடம் திருகோணமலை. வளைந்து உள்ளே போகும் நீர், சுற்றிவர மேடு, ஒடுக்கமான வாய். புயல் வெளியே அடித்தாலும் உள்ளே நீர் அமைதியாக இருக்கும்.

அதனால்தான் 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே இந்த இடம் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியருக்கும், பிரித்தானியரிடமிருந்து பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரெனுக்கும் கைமாறியது. 1795இல் பிரித்தானியர் மறுபடி பிடித்தார்கள். "வைத்திருப்பவன் ஆள்வான்" என்ற பேச்சு இந்தக் காலத்துக்குப் பொருந்தும். காற்றில் ஓடும் கப்பலுக்குக் காற்றிலிருந்து ஒதுங்க இடம் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. எதிரி கடல்வழியாக மட்டுமே வருவான், அவனைக் கோட்டைப் பீரங்கி தடுக்கும். பிறகு காலம் மாறியது, வசனம் மட்டும் மாறாமல் நின்றுவிட்டது.

நிலக்கரி போய் எண்ணெய் வந்தது

பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதும் உலகெங்கும் கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் இடங்கள் தேவைப்பட்டன. அந்தத் திட்டத்தில் பிறந்தவைதான் சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள். முதலாம் உலகப்போருக்குப் பிந்திய வருடங்களில், உள்துறைமுகத்தின் மேற்குப் பக்கம், 800 ஏக்கருக்கும் அதிகமான காட்டு நிலத்தில் 101 உருக்குக் குதங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். அந்தக் காலத்துப் பெரிய போர்க்கப்பல் ஒன்றின் வயிற்றுக்கு 3,000 தொன்னுக்குச் சற்று அதிகமான எண்ணெய் வேண்டும். அதாவது ஒரே குதம் மூன்று நான்கு போர்க்கப்பல்களை நிரப்பி அனுப்பும்.

மரங்களுக்கிடையே தனித்தனி வட்டங்களாகக் குதங்கள் நிற்பதைப் பார்த்தவர்கள், ஏன் இவ்வளவு இடத்தை வீணாக்கினார்கள் என்று கேட்பதுண்டு. இடம் வீணாகவில்லை. ஒன்று பற்றினால் மற்றது பற்றக்கூடாது. இலக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளித்தள்ளி வைக்கும் இந்த ஏற்பாட்டைச் சிதறல் என்பார்கள். ஒரே குண்டு எல்லாவற்றையும் கொண்டுபோகாமல் இருப்பதற்கான மிக மலிவான பாதுகாப்பு அதுதான். விமானங்களை நிறுத்துவதிலும் இதே விதி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்தக் குதங்கள் விமானத்தளத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், போர்க்காலத்தில் விமானங்களுக்கு எரிபொருள் கொடுக்கவே அவற்றைக் கட்டினார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அவை கப்பல்களுக்காகக் கட்டப்பட்டவை. கப்பலின் கொதிகலனில் எரிவது தடித்த உலை எண்ணெய். அன்றைய விமான இயந்திரத்துக்குத் தேவைப்பட்டது நன்றாகச் சுத்திகரித்த உயர்தரப் பெற்றோல். ஒன்றை மற்றதற்கு ஊற்ற முடியாது. ஒரே தளத்தில் இரண்டு வகை எரிபொருளுக்கும் தனித்தனிச் சேமிப்பு வேண்டும்.

ஆக இதுவரை: இயற்கை கொடுத்தது ஒதுங்கி நிற்க ஆழமான நீர். மனிதர் சேர்த்தது எண்ணெய். அதனருகில் ஒரு விமானத்தளமும் இருந்தது. தரிப்பிடம் டிப்போவாக மாறத் தொடங்கியிருந்தது, முடிந்திருக்கவில்லை.

எட்டும் தூரம்

தளத்தின் பலத்தை அளக்க ஒரு அளவுகோல் உண்டு. தாங்கி நிறைய எரிபொருளோடு 1,500 கிலோமீற்றர் பறக்கும் போர்விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 1,500 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் எதிரியைத் தாக்குமா? தாக்கலாம், ஆனால் திரும்பாது. சரி, பாதித் தூரம்? அதுவும் முடியாது. சண்டை நேரத்தில் இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டினால் எரிபொருள் பலமடங்கு வேகமாகத் தீரும். வழி தவறினாலோ எதிர்க்காற்று அடித்தாலோ சமாளிக்கவும் கொஞ்சம் மிச்சம் வேண்டும். இதையெல்லாம் கழித்தபின், போய், வேலையை முடித்து, பத்திரமாகத் திரும்பக்கூடிய தூரம்தான் செயல் ஆரம். தளத்தை நடுப்புள்ளியாக வைத்து அந்தத் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டால், வட்டத்துக்கு உள்ளேதான் அந்தத் தளத்தின் சொல் எடுபடும்.

தரையில் இருக்கும் தளத்தின் வட்டம் அசையாது. விமானந்தாங்கிக் கப்பல் வட்டத்தையே தூக்கிக்கொண்டு நகரும். எப்போது வருவது, எந்தப் பக்கத்தால் வருவது என்பதை அதுவே தீர்மானிக்கும். 1942 ஏப்ரலில் திருகோணமலைக்கு எதிரே வந்தது அப்படியான ஐந்து கப்பல்கள்.

1942: முன்னறிவிப்பு இருந்தது, பலம் போதவில்லை

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் மாதத்தில் அந்தமானும் ஜப்பானியர் கைக்குப் போனது. கிழக்கில் பிரித்தானியக் கடற்படைக்கு மிஞ்சிய பெரிய ஒதுக்கிடம் இலங்கைதான். அட்மிரல் சொமர்வில் தலைமையிலான கிழக்குக் கப்பற்படையைத் தேடி, ஜப்பானிய அட்மிரல் நகுமோ ஐந்து விமானந்தாங்கிகளோடு இந்து சமுத்திரத்துக்குள் வந்தார்.

இங்கே பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணத்தைச் சொல்ல வேண்டும். ஜப்பான் இலங்கையைப் பிடிக்க வந்து தோற்றுப் போனது என்று பலர் நம்புகிறார்கள். நகுமோவின் படையில் கரையிறங்கும் துருப்புகள் இல்லை. அடித்துவிட்டுத் திரும்பும் நோக்கோடுதான் அது வந்தது. கப்பற்படையை முடக்கினால் போதும், மண் அவர்களுக்கு அப்போது தேவைப்படவில்லை.

ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலீனா விமானம் ஒன்று இலங்கைக்குத் தெற்கே அந்தக் கப்பல்களைக் கண்டது. கற்றலீனா நீரிலிருந்தே எழும்பி நீரிலேயே இறங்கும் பறக்கும் படகு. மெதுவானது, ஆனால் மணிக்கணக்காக வானில் நின்று கடலைப் பார்க்கும். அதை ஓட்டிய கனேடிய அதிகாரி லெனார்ட் பேர்ச்சல், செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டுவீழ்த்தப்பட்டார். போர் முடியும்வரை அவர் கைதியாக இருந்தார். அந்தச் செய்தியால் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பல வெளியேற முடிந்தது.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பின் மேல் குண்டுகள் விழுந்தன. எதிரி வருவான் என்று தெரிந்திருந்தும், வரும் நிமிடத்தைச் சொல்ல வேண்டிய ராடரிலிருந்து எச்சரிக்கை கிடைக்கவில்லை. ராடர் என்பது வானொலி அலையை வெளியே விட்டு, அது எதிலாவது பட்டுத் திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும் கருவி. அது காட்டிக்கொடுக்காததால் ரத்மலானையில் போர்விமானங்கள் தரையில் நிற்கும்போதே ஜப்பானியர் தலைக்கு மேல் வந்துவிட்டார்கள். அன்று பிற்பகல், கடலில் இருந்த டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு பிரித்தானியக் குரூசர் கப்பல்கள் 400க்கும் மேற்பட்ட உயிர்களோடு மூழ்கின.

திருகோணமலையின் முறை நான்கு நாள் கழித்து வந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி நகுமோவின் கப்பல்கள் இலங்கைக்குக் கிழக்கே மறுபடி தென்பட்டன. அன்றிரவே ஹெர்மிஸ் விமானந்தாங்கியையும் துணைக்கு அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயரையும் மற்றக் கப்பல்களையும் துறைமுகத்தைவிட்டுக் கிளப்பி, கரையோரமாகத் தெற்கே அனுப்பினார்கள்.

9ஆம் திகதி காலை ஏழு மணி தாண்டியதும் திருகோணமலை ராடர் தன் வேலையைச் சரியாகச் செய்தது. விமானங்கள் நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் வரும்போதே தெரிந்துவிட்டது. கிடைத்த அவகாசம் அரை மணிக்கும் குறைவு. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் விமானப்போரில் அந்த நேரம் பொன். ஹரிக்கேன் போர்விமானம் சண்டை நடக்கும் உயரத்துக்கு ஏறவே பத்து நிமிடமளவு பிடிக்கும். கீழே நிற்பவனைவிட மேலே நிற்பவனுக்கே வாய்ப்பு. சீனன்குடாவிலிருந்து 17 ஹரிக்கேன்களும் 6 ஃபுல்மார் விமானங்களும் உரிய நேரத்தில் மேலே ஏறின.

வந்தவையோ 130 அளவில். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை காவலுக்கு வந்த ஸீரோ போர்விமானங்கள். மிச்சமெல்லாம் குண்டுவீச்சு விமானங்கள். சீனன்குடாவின் 23இல் 8 ஹரிக்கேன்களும் 3 ஃபுல்மார்களும் அன்று இல்லாமல் போயின. விமானத்தளத்தின் கட்டடங்கள், கப்பல்துறை, எண்ணெய்க் குதம் என்று எல்லாவற்றிலும் அடி விழுந்தது. துறைமுகத்துக்குள் இருந்த சகாயிங் என்ற கப்பல் தீப்பிடித்து எரிந்தது, பிறகு 1943இல் அதை இறங்குதுறையாகப் பயன்படுத்த அங்கேயே மூழ்கடித்தார்கள். எழுபது வருடத்துக்கும் மேலாக நீருக்கடியில் கிடந்த அதன் உடலை 2018இல் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் மேலே மிதக்கவைத்து அப்புறப்படுத்தினார்கள். போர் முடிந்து எத்தனை தலைமுறை ஆனாலும் ஒரு துறைமுகம் அதன் மிச்சங்களோடு வாழவேண்டியிருக்கிறது என்பதற்கு அந்தத் துருப்பிடித்த இரும்பு போதும்.

வெளியே அனுப்பிய கப்பல்களின் கதி இன்னும் மோசம். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதற் கப்பல் ஹெர்மிஸ். அன்று அதன் மேல்தளத்தில் விமானமே இல்லை. தன் விமானங்களைக் கரையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு கடலில் போய்க்கொண்டிருந்தது. ஜப்பானிய வேவு விமானம் ஒன்று மட்டக்களப்புக்கு அருகே அதைக் கண்டுகொண்டது. உதவி கேட்டு அனுப்பிய செய்திக்குக் கரையிலிருந்து போர்விமானங்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஹெர்மிஸோடு 307 பேர் போனார்கள். வம்பயரும், ஹொலிஹொக் என்ற சிறிய காவற்கப்பலும், எண்ணெய்க் கப்பல்கள் இரண்டும் அதே காலையில் மூழ்கின. தப்பியவர்களில் பெரும்பாலானோரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் தூக்கியெடுத்தது.

கப்பல்களை வெளியே அனுப்பியது முட்டாள்தனம் என்று இன்று சொல்வது இலகு. உள்ளே வைத்திருந்தால், ஒடுக்கமான வாயுள்ள ஒரு குடாவுக்குள் அசையாத இலக்குகளாக நின்றிருக்கும். பாய்மரக் காலத்தில் பாதுகாப்பாக இருந்த அதே வடிவம், மேலிருந்து குண்டு விழும் காலத்தில் பொறியாகிவிட்டது. வெளியே போனாலும் தளத்தின் போர்விமானங்கள் கூடவே போய்க் காக்க வேண்டும். அந்த வான்காப்பு இல்லாத இடத்தில் தளம் இருந்தும் இல்லாததுபோல்தான்.

அன்று திருப்பி அடித்தவர்கள் இல்லாமல் இல்லை. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலை அவசர ஓடுபாதையாக்கியிருந்தார்கள். அங்கிருந்து போன 9 பிளெனைம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் கப்பல்களைக் கண்டுபிடித்து, எதிர்பாராத நேரத்தில் குண்டு போட்டன. ஜப்பானியக் கப்பல்களில் ராடர் இல்லாததால் அவை தலைக்கு மேல் வரும்வரை யாருக்கும் தெரியவில்லை. குண்டுகள் கப்பல்களில் படாமல் பக்கத்தில் நீரில் விழுந்தன. 9இல் 5 திரும்பவில்லை. துணைக்கு ஒரு போர்விமானம்கூட இல்லாமல் போனவர்கள் அவர்கள். அந்தத் துணிச்சலுக்கு நம் வரலாற்றுப் பாடங்களில் ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

குதத்தில் விழுந்த விமானம்

அந்தக் காலைத் தாக்குதலில் ஒரு குதம் அழிந்தது. ஜப்பானிய விமானி வேண்டுமென்றே தன் விமானத்தை அதில் மோதினார், அது ஒரு தற்கொலைத் தாக்குதல் என்று ஊரில் சொல்வார்கள். ஒரு விமானி அடிபட்ட விமானத்தோடு தன் சொந்த முடிவில் எதிலாவது மோதுவது எல்லா நாட்டுப் படைகளிலும் நடந்திருக்கிறது. தற்கொலைத் தாக்குதலை ஒரு உத்தியாகவே வகுத்து, அதற்கென்று விமானிகளைப் பிரித்து அனுப்புவதை ஜப்பான் தொடங்கியது 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸில். இரண்டுக்கும் இடையில் இரண்டரை வருடம் இருக்கிறது. திருகோணமலைச் சம்பவத்தை அந்தப் படைப்பிரிவின் தொடக்கமாகச் சொல்வது பிழை.

இவ்வளவு அடிக்கும் நடுவில் 101 குதங்களில் ஒன்று மட்டும் போனது என்பதில்தான் நான் கவனம் வைப்பேன். சிதறல் என்ற ஏற்பாடு தன் வேலையைச் செய்தது.

சுருக்கமாகச் சொன்னால், 1942இல் திருகோணமலையிடம் ஆழமான நீர் இருந்தது, எண்ணெய் இருந்தது, முன்னறிவிப்பும் இருந்தது. போதுமான போர்விமானங்கள் இல்லை, கடலில் போகும் கப்பலுக்கு வான்காப்பு இல்லை. இதன்பின் சொமர்வில்லின் கப்பற்படை இலங்கையை நம்பி நிற்கவில்லை. ஆபிரிக்காவின் கிழக்குக் கரையில், மொம்பாசாவின் கிலிண்டினித் துறைமுகத்துக்குப் பின்வாங்கியது. உலகின் சிறந்த துறைமுகங்களில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே, கடலின் மறுகரைக்குப் போனார்கள்.

நகுமோ திரும்பி வரவில்லை. வந்த ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று, அதே வருடம் ஜூன் மாதம் மிட்வே சண்டையில் மூழ்கின.

1944: ஓடுபாதை நீள்கிறது

1944 தொடக்கத்தில் கப்பற்படை பலத்தோடு திருகோணமலைக்குத் திரும்பியது. ஏப்ரலில் பிரித்தானியாவின் இலஸ்ட்ரியஸ், அமெரிக்காவின் சரட்டோகா என்ற இரண்டு விமானந்தாங்கிகள் இங்கிருந்து போய், சுமாத்ராவின் வடமுனைக்கு அப்பால் ஒரு தீவில் உள்ள சபாங் துறைமுகத்தைத் தாக்கின. தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றியதும் அந்த மாதம்தான்.

இதற்கிடையில் அமெரிக்கர்களுக்கு வேறொரு தேவை வந்தது. சுமாத்ராவின் பலெம்பாங்கில் இருந்த எண்ணெய் ஆலைகள் ஜப்பானின் போர் இயந்திரத்துக்கு எரிபொருள் ஊட்டிக்கொண்டிருந்தன. வங்காளத்தில், கரக்பூரைச் சுற்றி நிறுத்தப்பட்டிருந்த புதிய பி-29 குண்டுவீச்சு விமானங்களால் அங்கே போய்த் திரும்ப முடியாது. செயல் ஆர வட்டத்துக்குள் பலெம்பாங்கைக் கொண்டுவரக்கூடிய, நேசநாடுகளின் கையில் இருந்த இடம் இலங்கை. சீனன்குடா தெரிவானது.

ஆனால் அங்கிருந்த ஓடுபாதையிலிருந்து பி-29 எழும்ப முடியாது. ஏன் என்பதை விளங்கிக்கொண்டால் விமானத்தளம் பற்றிப் பாதி விளங்கிவிடும். விமானத்தை மேலே தூக்குவது இறக்கையின் மேலும் கீழும் ஓடும் காற்று. பாரம் கூடக்கூட, அதைத் தூக்க அதிக வேகம் வேண்டும். அதிக வேகம் பிடிக்க அதிக தூரம் ஓட வேண்டும். முழுச் சுமையோடு பி-29இன் எடை 60 தொன்னளவு, இறக்கையின் அகலம் 43 மீற்றர். இதோடு வெயிலும் சேர்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, தூக்கும் பலமும் குறைவு, இயந்திரமும் இளைக்கும். திருகோணமலையின் ஓகஸ்ட் வெயில் எப்படி என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பி-29இன் இயந்திரங்களோ சூடேறித் தீப்பிடிப்பதற்கே பேர்போனவை.

ஆகவே ஓடுபாதையை 7,200 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 2,200 மீற்றருக்கு நீட்டினார்கள். நீளம் மட்டும் போதாது. 60 தொன் பாரம் நின்றால் சாதாரண மண் அமிழும். எனவே ஒவ்வொரு விமானத்துக்கும் கெட்டியான தரிப்புத்தளம் அமைத்தார்கள், குதங்களுக்குச் சொன்ன அதே சிதறல் விதிப்படி தள்ளித்தள்ளி. பிறகு பெற்றோல். இப்படியான நீண்ட பயணத்துக்கு ஒரு விமானத்துக்கே ஏறத்தாழ 30,000 லீற்றர் வேண்டும். ஐம்பதுக்கு மேற்பட்ட விமானங்களை ஒரே நாளில் நிரப்ப வேண்டுமென்றால் பீப்பாயில் உருட்டிக்கொண்டுவந்து முடியாது. பெற்றோலைத் தளமெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடும் செய்ய வேண்டியிருந்தது. ஜூலையில் எல்லாம் தயார்.

1944 ஓகஸ்ட் 10ஆம் திகதி மாலை, வங்காளத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த பி-29களில் 54 சீனன்குடாவிலிருந்து எழும்பின. போகவர 6,000 கிலோமீற்றருக்கும் மேல். ஏறத்தாழ 19 மணி நேரம், பெரும்பகுதி கடலின் மேல், இரவில். இரண்டாம் உலகப்போரின் மிக நீண்ட குண்டுவீச்சுப் பயணங்களில் இது ஒன்று. செயல் ஆரத்துக்குக் கொடுத்த விலையைப் பாருங்கள்: 9 தொன் குண்டு சுமக்கக்கூடிய விமானம், பெற்றோலுக்கு இடம்விட்டு, 1 தொன் அளவுதான் ஏற்றிக்கொண்டு போனது. தூரம் கூடினால் சுமை குறையும், இதற்கு எந்தப் படையும் விலக்கில்லை.

54இல் 39 இலக்கை அடைந்தன. பெரும்பாலானவை ஆலைமீது குண்டு போட்டன. 8 விமானங்கள், எண்ணெய்க் கப்பல்கள் போய்வரும் மூசி ஆற்றில் கண்ணிவெடிகளைப் போட்டன. திரும்பும் வழியில் எரிபொருள் தீர்ந்த ஒரு விமானம் கடலில் இறங்கியது. ஆலைக்கு ஏற்பட்ட சேதம் சொற்பம். கண்ணிவெடிகள்தான் உருப்படியான பலன் தந்தன, ஆறு கொஞ்சக் காலத்துக்கு அடைபட்டது. இவ்வளவு செலவில் நீட்டிய ஓடுபாதையைப் பி-29கள் மறுபடி தாக்குதலுக்குப் பயன்படுத்தவே இல்லை.

அப்படியானால் வேலை வீணா? இந்த இடத்தில் வரலாற்றாசிரியர் பலர் வீண் என்றே எழுதுகிறார்கள். பலெம்பாங்கைப் பொறுத்தவரை நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் தளம் என்ற கோணத்தில் பார்த்தால், 1942இல் 23 போர்விமானங்களோடு போராடிய இடம், இரண்டு வருடமும் நான்கு மாதமும் கழித்து 54 கனரக விமானங்களை ஒரே மாலையில் நிரப்பி, ஏற்றி, அனுப்பியிருக்கிறது. போரிடும் நாடுகள் நிலப்படத்தில் தேடுவது அப்படியான இடத்தைத்தான்.

திருத்துமிடம் இல்லாவிட்டால்

தளத்தின் இன்னொரு உறுப்பு பழுதுபார்க்கும் வசதி. பெரிய கப்பலின் அடிப்பாகத்தைத் திருத்த அதை நீருக்கு மேலே தூக்க வேண்டும். திருகோணமலையில் அதற்கென ஒரு மிதவைக் கப்பல்கூடம் இருந்தது. தன் தொட்டிகளுக்குள் நீரை விட்டு அமிழ்ந்து, கப்பல் உள்ளே வந்ததும் நீரை வெளியேற்றிக் கப்பலோடு மேலெழும் அமைப்பு அது. பி-29கள் புறப்பட இரண்டு நாளைக்கு முன், 1944 ஓகஸ்ட் 8ஆம் திகதி, வலியன்ட் என்ற போர்க்கப்பலைத் தூக்கும்போது அந்தக் கூடம் பாரம் தாங்காமல் உடைந்து மூழ்கியது. எதிரியின் குண்டு ஒன்றும் விழவில்லை. வலியன்டின் பின்பகுதி நசுங்கியது, அதோடு அதன் போர் வாழ்க்கை முடிந்தது. அவ்வளவு பெரிய கப்பலைத் தூக்கும் வசதியும் அன்றோடு இங்கே இல்லாமல் போனது.

ஆகவே ஒரு தளத்தைப் பற்றி யாராவது பேசினால் கேட்க வேண்டியவை இவை. எரிபொருள் எவ்வளவு, எந்த வகை? ஓடுபாதை எந்த எடையைத் தாங்கும்? முன்னறிவிப்பு எத்தனை நிமிடம்? காக்கப் போர்விமானம் எத்தனை? பழுதைத் திருத்த இடம் உண்டா? நீரின் ஆழம் இந்த வரிசையில் ஒரு கேள்வி மட்டுமே.

போருக்குப் பின்

1944 நவம்பரில் பிரித்தானியப் பசிபிக் கப்பற்படை திருகோணமலையில் உருவானது. 1945 ஜனவரியில் அது இங்கிருந்தே புறப்பட்டு, பி-29களால் முடியாததைக் கப்பல் விமானங்களால் செய்தது. பலெம்பாங் ஆலைகள் பலத்த அடி வாங்கின. பிறகு போர் கிழக்கே நகர்ந்தது, தளத்தின் முக்கியத்துவமும் கூடவே நகர்ந்தது.

1948இல் சுதந்திரம் கிடைத்தபோதும் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்கீழ் பிரித்தானியர் திருகோணமலையிலும் கட்டுநாயக்கவிலும் தங்கியிருந்தார்கள். பண்டாரநாயக்க அரசு கேட்டுப் பேசி, 1957 ஒக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. சீனன்குடா விமானத்தளம் விமானப்படையின் பயிற்சிக்கழகமாக இன்றும் இயங்குகிறது.

குதங்களில் இன்னொன்றும் பின்னாளில் அழிய, மிஞ்சியவை 99. அவற்றைப் பற்றிய பேச்சு 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு இரு நாடுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களிலேயே வந்துவிட்டது. 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கை நிறுவனம் உள்ளே வந்தது. 2022 ஜனவரியில் செய்த ஏற்பாட்டின்படி 14 குதங்கள் அந்த நிறுவனத்திடம், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மீதி 61 இரண்டும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனத்திடம். அதில் இலங்கைக்கு 51 சதவீதம், இந்தியப் பக்கத்துக்கு 49 சதவீதம்.

செய்தியில் அடிபடும் "99" இதுதான். பெரும்பாலான குதங்கள் பல பத்தாண்டுகளாக வெறுமையாகக் கிடந்து காடு மூடியவை. துரு நீக்கி, குழாய் போட்டு, கப்பலில் ஏற்றி இறக்கும் இறங்குதுறையோடு இணைத்தால்தான் அவை மறுபடி எரிபொருள் தாங்கும். அதற்கு எவ்வளவு காலமும் பணமும் பிடிக்கும், நிரப்பும் எண்ணெயை யார் வாங்குவார்கள் என்பதைத்தான் அடுத்த ஒப்பந்தம் செய்தியில் வரும்போது முதலில் பார்க்க வேண்டும்.